செவ்வாய்க்கு மனிதர்: போய்த் திரும்ப முடியுமா?

 

செவ்வாய்க்கு மனிதரை அனுப்ப முடியுமா என்பது இந்தக் கருத்தரங்கின் கேள்வி. போனவரை உயிரோடு மீட்டுக் கொண்டுவர முடியுமா என்று நான் அதைக் கேட்க விரும்புகிறேன். போவதற்கான கணக்கு பழையது. பத்துக் கலங்களில் எழுபது பேர் போகும் திட்டத்தை வெர்னர் வான் பிரவுன் 1952-லேயே நூலாக எழுதி வெளியிட்டுவிட்டார். இறக்கை பொருத்திய கலங்கள் செவ்வாயின் காற்றில் சறுக்கியபடி தரையிறங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. 1965-ல் மரைனர் 4 அந்தக் கோளை ஒட்டிப் பறந்து அளந்தபோது அந்த நம்பிக்கை போயிற்று. அங்குள்ள காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த மெல்லிய காற்று இன்றும் நம்மை மடக்கிப் போட்டிருக்கிறது. பாய்ந்து வரும் கலத்தைச் சுட்டெரிக்க அது போதும்; நிறுத்தப் போதாது. அதனால்தான் 2012-ல் சுமார் 900 கிலோ எடையுள்ள கியூரியாசிட்டியை இறக்க நாசாவுக்கு வெப்பக் கவசம், பாராசூட், ராக்கெட் விசை, கடைசியில் கயிறு என அத்தனையும் தேவைப்பட்டன. 2021-ல் இறங்கிய பெர்செவரன்ஸ் ஏறத்தாழ ஒரு டன். மனிதரோடு இறங்கும் கலமோ இருபது டன்னுக்குக் குறையாது. அந்த எடைக்குப் பாராசூட்டை நம்ப முடியாது. ஒலியை மிஞ்சிய வேகத்தில் வரும்போதே எதிர்த்திசையில் என்ஜினை எரித்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். செவ்வாயில் அதை இதுவரை யாரும் செய்துகாட்டவில்லை.

இறங்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு ஏற்ற நிலைக்கு வருவது 26 மாதங்களுக்கு ஒருமுறை. குறைந்த எரிபொருளில் போவதானால் போக எட்டு ஒன்பது மாதம், அங்கே ஏறக்குறைய 500 நாள் காத்திருப்பு, திரும்ப அதே அளவு காலம். 1970-ல் அப்போலோ 13-ன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது கலத்திலிருந்த மூவரும் நான்கு நாளுக்குள் வீடு சேர்ந்தார்கள். செவ்வாய்க்குப் போகிறவருக்கு அப்படியொரு வழி கிடையாது.

திரும்பும் ராக்கெட்டைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலான சிக்கலாகக் கருதுகிறேன். நான்கு பேரை அந்த மண்ணிலிருந்து மேலேற்ற எரிபொருளோடு சுமார் 25 டன் ஆக்சிஜனும் வேண்டும். அதைப் பூமியிலிருந்து சுமந்து போவது பெரும் பாரம். அங்குள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து தயாரிப்பதே வழி. பெர்செவரன்ஸில் இருந்த மாக்ஸி கருவி அது நடக்கும் என்று காட்டியது. 2021 முதல் 2023 வரை பதினாறு முறை இயங்கி அது எடுத்த ஆக்சிஜன் மொத்தம் 122 கிராம். அருமையான சாதனை அது. ஆனால் 122 கிராமுக்கும் 25 டன்னுக்கும் இடையே உள்ள தூரத்தை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

தயாரித்தாலும் போதாது. மாதக் கணக்கில் தூசியிலும் கடுங்குளிரிலும் நின்ற என்ஜின் சொன்ன நாளில் தவறாமல் எரிய வேண்டும். நம்முடைய மங்கள்யானில் ஏறத்தாழ 300 நாள் உறங்கிய என்ஜினை 2014 செப்டம்பர் 22 அன்று நான்கு விநாடி எரித்துப் பார்த்த பிறகுதான் இஸ்ரோ மூச்சுவிட்டது. இரண்டு நாள் கழித்து, செய்தி போய்ச்சேரவே பன்னிரண்டு நிமிடமாகும் தொலைவில், கலம் தானே இயங்கிச் சுற்றுப்பாதையில் சேர்ந்தது. அது ஆளில்லாக் கலம். உள்ளே நான்கு உயிர்கள் இருந்தால் அந்த நான்கு விநாடி எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உடலைப் பற்றி இரண்டு மட்டும். கியூரியாசிட்டி பயண வழியில் அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவெர்ட். போக வர ஓராண்டு என்றாலே 600-ஐத் தாண்டுகிறது. ஒரு வீரருக்கு அவர் பணிக்காலம் முழுமைக்கும் நாசா வைத்திருக்கும் வரம்பே 600 மில்லிசீவெர்ட்தான். எடையின்மையைப் பொறுத்தவரை, 1994–95-ல் 437 நாள் தொடர்ந்து விண்ணில் இருந்த வலேரி பொலியாகோவ் நமக்கு நம்பிக்கை தருகிறார்.

முடியாது என்று சொல்ல இயற்பியலில் எந்த விதியும் இல்லை. ஆயினும் இந்தப் பத்தாண்டுக்குள் என்று நாள் குறிப்பவர்களை நான் நம்பவில்லை. செவ்வாயில் இறங்கிய எந்தக் கலமும் இதுவரை பூமிக்குத் திரும்பியதில்லை; ஒரு பிடி மண்ணைக்கூடக் கொண்டுவந்ததில்லை. ஆளில்லாத ராக்கெட் ஒன்று அங்கே இறங்கி, தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தயாரித்து, மேலெழுந்து திரும்பட்டும். அதற்கு முன் ஒருவரையும் அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு திட்டத்திலும் எடை எத்தனை டன், எது பழுதானால் மாற்று என்ன என்று சொல்லுங்கள். மாணவர்களே, அந்த இரண்டையும் சொல்லாமல் முடிப்பவரைத் தயங்காமல் எழுந்து கேளுங்கள்.