பூட்டிய அலமாரி

1998-இல் ஜான் வுட் என்ற அமெரிக்கர் நேபாள மலையில் நடைப்பயணம் போனார். மைக்ரோசாஃப்டில் பெரிய உத்தியோகம். லீவு போட்டுவிட்டு வந்தவர். வழியில் பாகுன்தாண்டா என்ற ஊரில் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தார். ஏறக்குறைய 450 பிள்ளைகள். நூலகம் என்று காட்டிய அறையில் புத்தகத்தையே காணோம்! எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். கிழிந்துவிட்டால் வேறு கிடைக்காதே.

சாவியைத் தேடிப் பிடித்துத் திறந்தால், மலையேற வந்தவர்கள் விட்டுப்போன புத்தகங்கள். ஒரு காதல் நாவல், இத்தாலிய மொழியில் எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோவின் புத்தகம், மங்கோலியாவுக்கு ஒரு சுற்றுலாக் கையேடு. பாவம், அந்தப் பிள்ளைகள் மங்கோலியாவில் லாட்ஜ் தேடவா போகிறார்கள்?

'புத்தகத்தோடு திரும்பி வாருங்களேன்' என்றார் தலைமையாசிரியர். வுட் நண்பர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் தட்டிவிட்டார். அப்பா வீட்டுக் கார் ஷெட்டில் சுமார் 3,000 புத்தகம் குவிந்தது. மறுவருஷம் அப்பாவும் மகனும் கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். அப்புறம் வேலையையும் விட்டுவிட்டு 'ரூம் டு ரீட்' அமைப்பைத் தொடங்கினார்.

அந்த அமைப்பு வைத்த ஒரு நிபந்தனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பள்ளியோ நூலகமோ கட்டித்தர ஊரும் பங்கு போட வேண்டும். காசில்லையா, மண் சுமக்கலாம், கல் சுமக்கலாம். தன் தோளில் சுமந்து கட்டியவன், கூரை ஒழுகினால் நன்கொடையாளருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டான். ஏணியோடு வந்து நிற்பான்.

இன்னொரு சிக்கல், அப்போது நேபாளி மொழியில் சிறுவர் புத்தகம் அதிகம் இல்லை. உள்ளூர் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் பிடித்து, அதையும் அந்த அமைப்பே அச்சடிக்கத் தொடங்கியது.