முந்தி வரவேண்டிய சட்டம்

அரைநாள் லீவு போட்டு வந்திருக்கும் பெற்றோரே, பட்டம் பெறும் பிள்ளைகளே, சட்டத்தரணி சுருக்கமாகப் பேசுவேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே வாக்குறுதி தராமலே தொடங்குகிறேன்.

1982இல் நான் சட்டக் கல்லூரி மாணவன். கொட்டாஞ்சேனையில் ஓர் அறை, நாலு பேர். காலையில் பாணும் சம்பலும், பிறகு புதுக்கடையிலிருந்த கல்லூரிக்கு நடை. நடந்தால் மிஞ்சும் பஸ் காசில் மாலை ஒரு பிளேன்டீ.

அந்த ஆண்டு ஜூன் 30ஆம் திகதி, டெல்லியிலிருந்து கிளம்பிய அலிட்டாலியா ஜம்போ விமானத்தை இலங்கையரான சேபால ஏக்கநாயக்க கடத்தினார். விமானம் பாங்கொக்கில் நின்றது. பிரிந்திருந்த இத்தாலிய மனைவியும் மகனும் வேண்டும், மூன்று லட்சம் டொலரும் வேண்டும் என்றார். கேட்டதெல்லாம் கிடைத்தது. கொழும்பு திரும்பியவரைக் கூட்டம் வீரனாக வரவேற்றது. தேத்தண்ணிக் கடையில் பேப்பரை விரித்துவைத்து நாங்களும் கைதட்டினோம். "பிள்ளைக்காகச் செய்தவனடா" என்று என் அறைத் தோழன் கண்கலங்கினான்.

மறுநாள் விரிவுரையாளர் தண்டனைச் சட்டக்கோவையை மேசையில் போட்டார். "எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவீர்?" புரட்டினோம், புரட்டினோம். விமானக் கடத்தலுக்கென்று ஒரு பிரிவும் இல்லை.

உலகம் 1970இலேயே ஹேக் நகரில் இதற்கு உடன்படிக்கை எழுதியிருந்தது. நாமும் அதில் இணைந்திருந்தோம். ஆனால் இணைந்தால் போதாது. பாராளுமன்றம் அதை உள்நாட்டுச் சட்டமாக்க வேண்டும். அந்த வேலைதான் கிடப்பில் கிடந்தது. சம்பவத்துக்குப் பிறகு, விமானங்களுக்கு எதிரான குற்றங்கள் பற்றிய 1982ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் அவசரமாக வந்தது. நடந்துமுடிந்த செயலுக்கும் பொருந்துமாறு வந்தது. செய்தபோது குற்றமாக இல்லாததற்குத் தண்டிக்கலாமா? கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 13(6)ஆம் உறுப்புரை. ஆனால் உலக நாடுகள் ஏற்ற பொதுச் சட்டக் கோட்பாடுகளின்படி குற்றமாயிருந்தால் தண்டிக்கலாம் என ஒரு வாசலும் அதே உறுப்புரையில் உண்டு. அந்த வாசல் வழியாகத்தான் வழக்கு கரையேறியது. ஆயுள் தண்டனை விதித்தார்கள். மேன்முறையீட்டில் அது குறைந்தது.

தீர்ப்பு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த வாசலை நாம் தேட நேர்ந்ததே வெட்கம்.

விமானப் பாதுகாப்பு விதிகளில் பலவற்றுக்கும் இதே கதைதான்: சம்பவம் முந்தும், விதி பிந்தும். 1984 ஆகஸ்ட் 2, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம். எயார்லங்கா விமானத்தில் கொழும்புக்கு வரவிருந்த பெட்டிகள். பதிவு செய்தவர் விமானம் ஏறவில்லை. நிலையத்திலேயே குண்டு வெடித்து முப்பது பேரளவில் மாண்டார்கள். ஏறக்குறைய பதினொரு மாதம் கழித்து, 1985 ஜூன் 23, குண்டு வெடித்த எயார் இந்தியா விமானம் 'கனிஷ்கா': 329 உயிர். அங்கும் பெட்டி போனது, பெட்டிக்காரன் போகவில்லை. ஆள் ஏறாவிட்டால் பெட்டியும் ஏறக்கூடாது, ஏற்றுவதானால் தனியாகச் சோதித்தே ஏற்றவேண்டும் என்ற விதி, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து பற்றிய சிக்காகோ உடன்படிக்கையின் 17ஆம் இணைப்பில் அதன் பிறகே இறுகியது.

கட்டுநாயக்காவில் விமானத்துக்குள் இருக்கும்போது, "ஒரு பயணி வரவில்லை, பெட்டியை இறக்குகிறோம்" என்பார்கள். பக்கத்து ஆள் மணிக்கூட்டைப் பார்த்து முணுமுணுப்பார். நீங்கள் முணுமுணுக்காதீர்கள், பிள்ளைகளே. அந்த அரைமணி நேரத்துக்கு வேறு யாரோ விலை கொடுத்துவிட்டார்கள்.

உங்களில் சிலர் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் விதி வரைவீர்கள், சிலர் நீதிமன்றில் வாதாடுவீர்கள். ட்ரோனோ வேறெதுவோ, புதிய பொறி ஒன்றைக் கண்டால் என் விரிவுரையாளரின் கேள்வியைக் கேளுங்கள்: இதற்கு எந்தப் பிரிவு? பிரிவு இல்லையென்றால், ஒருவரும் சாகாத இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள்.

அன்று அந்தக் கேள்விக்கு விழித்தவன்தான் இன்று புத்தி சொல்கிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துக்கள். அம்மாமாருக்குப் பசிக்கும், போய்ச் சாப்பிடுங்கள்.