விலையும் பணியும்

பண்டிகைக்கு ஊர் செல்லப் பயணச் சீட்டுக் கிடைக்காத துயரம் வெளி மாநிலத் தமிழராகிய நமக்குப் புதிதன்று. 2005-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து ஹைதராபாத் செல்லப் பேருந்தில் இடம் பெறாத பணீந்திர சாமா என்னும் இளைஞர், அத்துயரின் காரணத்தை ஆராய்ந்தார். எந்தப் பேருந்தில் இடம் உண்டு என்பதை ஒருங்கே அறிய வழியில்லை எனக் கண்டார். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவன வேலையை விட்டு, 2006-இல் நண்பர்களுடன் ரெட்பஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2013-இல் அது கைமாறிற்று.

2018-இல் அவர் ஏற்றது அரசுப் பணி; தெலங்கானாவின் தலைமைப் புத்தாக்க அலுவலரானார். ஹைதராபாதில் கணினி வல்லுநருக்குப் பஞ்சமில்லை. ஆனால், சிற்றூர் உழவரும் கம்மியரும் தம் தேவைக்குத் தாமே சமைத்த கருவிகளை யார் கண்டார்? வீட்டுக்கொரு புத்தாக்குநர் எனப் பொருள்படும் ‘இன்டின்டா இன்னொவேட்டர்’ திட்டம், 2019 சுதந்திர தினத்தன்று அத்தகைய கருவிகளை மாவட்டங்களில் காட்சிக்கு வைத்தது.

வாணிகம் விலை கொடுப்பவரை நாடும். பொதுப்பணியோ விலை கொடுக்க இயலாதவரையும் தேடிச் செல்லவேண்டும். அரசு அலுவலில் உள்ள நாம் இவ்வேறுபாட்டை நாள்தோறும் உணர்கிறோம். பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்தோம். இங்குப் பெற்ற திறமையில் ஒரு பங்கை, நமக்கு வாழ்வளித்த ஊருக்கு ஈவது நம் கடனன்றோ?