ஆகாயத்தில் வெயிலும் குளிரும்
(மேற்குத் தாம்பரம் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



வரும் வழியில் தேநீர்க் கடையில் ஒரு தோழர், "மேலே போகப் போகக் குளிர்தானே? சந்திரயான் ஏன் சூட்டில் தவித்தது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இன்று அதையே பேசிவிடுகிறேன்.

நம் உடம்பின் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டு போகிறது. ஆகாயத்தில் காற்றே கிடையாது. ஆகவே யந்திரத்தில் ஏறிய உஷ்ணம் கதிராக வீசிப் போவதைத் தவிர வேறு மார்க்கமில்லை. சூரியன் பட்ட பக்கம் கொதிநீரைவிடச் சுடும். நிழற்பக்கமோ பனிக்கட்டியைவிட நூறு டிகிரி அதிகம் குளிரும். பூமிக்கு அண்மையில் சுற்றும் கலத்திற்கு ஒன்றரை மணிக்கொருதரம் இந்த அவஸ்தை.

கலத்தின்மேல் பொன்னிறமாக மின்னுவதைத் தங்கத் தகடு என்று சொல்லித் திரிகிறார்கள். (சிரிப்பு) அது அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் தாள். மஞ்சள் அத்தாளின் நிறம். பல தாள்களை அடுக்கி, இடையிடையே வலைத்துணி வைத்துப் போர்த்துகிறார்கள். பிளாஸ்க் காப்பியைக் காக்கிற அதே சங்கதிதான். உள்ளே சூடு மிஞ்சினால் வெளியே வீச, கண்ணாடி போன்ற தகடுகள். குளிர் மிஞ்சினால் சிறு மின்சார அடுப்புகள்.

சந்திரன் குளிர்ச்சி என்று பாடியே பழகிவிட்டோம். வெயில் படும் சந்திரத் தரையோ நூறு டிகிரிக்குமேல் சுடும். 2008 அக்டோபர் 22-ல் புறப்பட்ட சந்திரயான்-1, அத்தரைக்கு 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. மேலே சூரியன், கீழே இந்த அடுப்பு! நவம்பரில் கலத்தினுள் 50 டிகிரி ஏறிவிட்டது. புறப்படுமுன் ராக்கெட்டின் மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோகும் வழக்கம் உண்டு. ஆனால் சூடு ஏறியபோது யாரைக் கேட்டார்கள்? தெர்மாமீட்டரைக் கேட்டார்கள்! கலத்தை 20 டிகிரி திருப்பினார்கள், சில கருவிகளை நிறுத்தினார்கள். சூடு சுமார் 10 டிகிரி இறங்கிற்று. 2009 மே மாதம் 200 கிலோமீட்டருக்கு உயர்த்தினார்கள். இரண்டு வருஷத்திற்கென்று அனுப்பியது, ஆகஸ்ட் 29-ல் 312 நாளோடு பேச்சை நிறுத்தியது. ஆயினும் அதற்குள் சந்திரனில் நீர் இருப்பதற்கு அத்தாட்சி காட்டிவிட்டது.

நிற்க. சந்திரயான்-3 திட்டத்தை நடத்திய விழுப்புரம் வீரமுத்துவேல், ரயில்வே ஊழியரின் மகன். இதே மேற்குத் தாம்பரத்தில் பொறியியல் படித்தவர். 2023 ஆகஸ்ட் 23-ல் இறங்கிய விக்ரம், சந்திர மண்ணில் ஒரு குச்சியைச் செருகியது. மேலே 50 டிகிரிக்கு மேல்; எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் பூஜ்யத்திற்குக் கீழே 10! ஒரு சாண்கூட இல்லை தோழர்களே! அம்மண் அவ்வளவு நல்ல போர்வை.

அங்கே இரவு நமது 14 நாள். செப்டம்பர் 4-ல் விக்ரமை உறங்க வைத்தார்கள். விடிந்தபின் 22-ந் தேதி கூப்பிட்டுப் பார்த்தார்கள்; பதில் வரவில்லை. ஒரு பகலுக்கென்று செய்த யந்திரம், அந்த ஒரு பகல் வேலையைக் குறைவின்றி முடித்திருந்தது.

கேள்வி உள்ளவர்கள் கேட்கலாம்.