விதைத்தவர் தூங்கட்டும்

(பொதுக்காலம் 11ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. வானொலியில் ஆற்றிய மறையுரையின் எழுத்து வடிவம். வாசகங்கள்: எசேக்கியேல் 17:22-24; 2 கொரிந்தியர் 5:6-10; மாற்கு 4:26-34)



ஆனி பிறக்கும் நேரம் இது. அடுத்த மாதம் ஆடி. ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் இப்போதே விதையை எடுத்துப் பார்க்கத் தொடங்கியிருப்பீர்கள். நகரத்தில் மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்கள்கூட, இந்தத் தடவை வெண்டை போடலாமா, அவரை போடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அதற்குப் பொருத்தமாக, இன்றைய நற்செய்தியும் விதையைப் பற்றித்தான் பேசுகிறது.

குருக்களாகிய எங்களுக்குத் தோட்ட விஷயத்தில் ஒரு வேடிக்கையான நிலை உண்டு. ஒரு பங்கில் நாலைந்து ஆண்டுகள் இருப்போம். பிறகு ஆயர் மாற்றல் கடிதம் அனுப்பிவிடுவார். என் முதல் பங்கில், குருமனைக்குப் பின்னால் ஒரு மாங்கொட்டையை ஊன்றினேன். தினமும் தண்ணீர் ஊற்றினேன். ஆடு கடிக்காமல் இருக்க முள்வேலி கட்டினேன். மரம் என் தோளைத் தாண்டி வளர்ந்தது. பூக்கும் முன்பே எனக்கு மாற்றல் வந்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்து, அங்கே இருந்த பங்குத்தந்தை தொலைபேசியில் கூப்பிட்டார். "சாமி, நீங்க வச்ச மா காய்ச்சிருச்சு. பழம் நல்ல இனிப்பு" என்றார். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மேசையில் ஒரு கிண்ணம் நிறையக் கொய்யாப்பழம். அந்தக் குருமனை வளவில் நின்ற மரத்துப் பழம். அதை நட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கு ஒருநாளும் நான் நன்றி சொன்னதில்லை.

அன்பானவர்களே, இன்றைய நற்செய்தியில் வரும் மனிதரைக் கவனியுங்கள். அவர் செய்வது இரண்டே வேலை. விதைக்கிறார், பிறகு இரவில் தூங்கிப் பகலில் எழுகிறார். விதை முளைத்து வளருகிறது. எப்படி வளருகிறது என்பது அவருக்கே தெரியாது. முதலில் தளிர், பிறகு கதிர், அதற்குப் பிறகு கதிரில் மணி என்று நிலம் தானாகவே விளைச்சலைக் கொடுக்கிறது. இந்தத் 'தானாகவே' என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் 'அவுத்தோமாத்தே' என்று இருக்கிறது. நாம் இன்று 'ஆட்டோமேட்டிக்' என்கிறோமே, அதே வேர்ச்சொல்தான். விதைப்பது நம் வேலை. வளர்த்துக் கொடுப்பது கடவுளின் வேலை. இரண்டுக்கும் நடுவில் நிம்மதியாகத் தூங்கலாம் என்கிறார் ஆண்டவர்.

ஆனால் நம்மில் பலருக்கு அந்தத் தூக்கம் வருவதில்லை. ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து சக்கரீஸ்து அறையில் உடைகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா வாசலில் வந்து நின்றார். வயது அறுபதை நெருங்கும். அன்று நான் தாலந்து உவமையைப் பற்றிப் பேசியிருந்தேன். அவர் கேட்டார்: "சாமி, தாலந்தைப் புதைச்சவனுக்குத் தண்டனைன்னு சொன்னீங்க. எனக்கும் ஒரு ஆசை இருந்துச்சு. டீச்சர் ஆகணும்னு. எட்டாவதோட என்னை நிறுத்திட்டு, தம்பியைப் படிக்க வச்சாங்க. அவன் இப்ப நல்லா இருக்கான். நான் தாலந்தைப் புதைச்சேனா? இல்ல, என்னைப் புதைச்சாங்களா?"

நான் சட்டென்று, "அதுக்கெல்லாம் கடவுள் பலன் தருவார்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சொன்னது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவருடைய அனுமதியோடுதான் இதை உங்களிடம் சொல்லுகிறேன்.

அந்த நாள்களில்தான், பள்ளிக்கூடத்தில் படித்து மறந்துபோன ஒரு துறவியின் வரலாற்றை மறுபடியும் படித்தேன். அவர் கிரகோர் மெண்டல். உயிரியல் பாடத்தில் பட்டாணிச் செடி என்றதும் உங்களுக்கும் நினைவு வரும். அவர் ஓர் அகுஸ்தினார் சபைக் குரு என்பதைப் பல நேரம் மறந்துவிடுகிறோம்.

மெண்டல் 1822ஆம் ஆண்டு, அன்றைய ஆஸ்திரியப் பேரரசில், ஓர் ஏழை விவசாயியின் மகனாகப் பிறந்தார். தகப்பனார் மேல் மரம் விழுந்து, அவரால் முன்போல் வேலை செய்ய முடியாமல் போனது. மகனின் படிப்புக்குப் பணம் இல்லை. அப்போது அவருடைய தங்கை தெரேசியா, தன் திருமணத்துக்கென்று ஒதுக்கியிருந்த சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்குக் கொடுத்தாள்.

1843இல் மெண்டல், இன்று செக் நாட்டில் இருக்கும் புர்னோ நகரின் புனித தோமையார் மடத்தில் சேர்ந்தார். குருவானார். ஆனால் பங்குப் பணி அவருக்கு ஒத்துவரவில்லை. நோயாளிகளின் படுக்கையருகே போனால், அந்த வேதனையைப் பார்த்து இவரே நோயாளியாகிவிடுவார். மடத்து அதிபர் அவரைப் புரிந்துகொண்டு, பள்ளியில் கற்பிக்க அனுப்பினார். நிரந்தர ஆசிரியராக வேண்டுமானால் ஒரு தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும். 1850இல் எழுதினார், தோற்றார். 1856இல் மறுபடியும் முயன்றார், அப்போதும் தேறவில்லை. பின்னாளில் உலகம் முழுவதும் பாடப் புத்தகங்களில் இடம்பெற்ற அந்த மனிதர், கடைசிவரை தற்காலிக ஆசிரியராகவே பாடம் நடத்தினார்.

அதே 1856இல்தான் மடத்துத் தோட்டத்தில் தம் பட்டாணி ஆய்வைத் தொடங்கினார். பெரிய பண்ணை எதுவும் இல்லை. கட்டடத்தை ஒட்டிய நீளவாக்கிலான ஒரு துண்டு நிலம். மொட்டு விரியும் முன்பே மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுப்பார். வேறு செடியின் மகரந்தத்தைத் தடவுவார். வண்டு வந்து கலந்துவிடாமல் பூவைச் சிறு பையால் மூடிக் கட்டுவார். விளைந்த பட்டாணியை ஒவ்வொன்றாக எண்ணுவார். ஒரு சோதனையில் மட்டும் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. இப்படி 1863 வரை சுமார் 28,000 செடிகள். நற்செய்தியில் வரும் மனிதருக்கு விதை வளரும் விதம் தெரியாது. மெண்டலுக்கோ அதைத் தெரிந்துகொள்ள ஆசை. அந்த ஆசையும் கடவுள் கொடுத்ததுதான்.

1865இல் தம் ஊர் அறிவியல் கழகத்தில் இரண்டு மாலைகள் இதைப் பற்றிப் பேசினார். 1866இல் கட்டுரை அச்சானது. அதன் முக்கியத்துவத்தை அன்று யாரும் புரிந்துகொள்ளவில்லை. 1868இல் அவரையே மடத்து அதிபராக்கினார்கள். நிர்வாக வேலை கூடியது, ஆய்வு குறைந்தது. ஆனாலும் தேனீ வளர்த்தார். நாள்தோறும் வானிலையைக் குறித்துவைத்தார். 1884 ஜனவரி 6, ஆண்டவரின் திருக்காட்சி நாளன்று இறந்தார். 1900ஆம் ஆண்டில், வேறு வேறு நாடுகளில் இருந்த மூன்று அறிவியலாளர்கள் அவர் கண்டதையே தாங்களும் கண்டு, அவருடைய பழைய கட்டுரையை உலகுக்குக் காட்டினார்கள். கட்டுரை வெளிவந்து 34 ஆண்டுகள், மனிதர் மறைந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சகோதர சகோதரிகளே, விளைச்சலை வைத்துத்தான் ஒரு வாழ்க்கையை அளக்க வேண்டும் என்றால், மெண்டல் கண்மூடியபோது அவர் தோல்வியடைந்தவர். ஆனால் கைதட்ட ஆள் இல்லாமல், பரிசு இல்லாமல், எட்டு ஆண்டுகள் ஒருவர் பட்டாணியை எண்ணிக்கொண்டே இருந்தார் என்றால், அந்தச் செடிகளின் நடுவில் நிற்பதே அவருக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். கனவு நிறைவேறிய பிறகு வரும் மகிழ்ச்சி ஒன்று உண்டு. அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கனவுக்குத் தண்ணீர் ஊற்றும்போதே கிடைக்கும் மகிழ்ச்சி இன்னொன்று. அது ஏழைக்கும் உண்டு, தேர்வில் தோற்றவருக்கும் உண்டு, அறுபது வயதானவருக்கும் உண்டு.

அந்த அம்மாவை மறுபடி பார்த்தபோது, முதலில் மன்னிப்புக் கேட்டேன். பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தி ஆண் பிள்ளையைப் படிக்க வைப்பது கடவுளின் திருவுளம் என்று நான் சொல்லமாட்டேன். அது மனிதர் செய்த அநியாயம். தெரேசியா தானாகக் கொடுத்தாள். இந்த அம்மாவிடம் யாரும் கேட்கவே இல்லை. அந்த வேறுபாட்டை நாம் மூடிமறைக்கக் கூடாது. பிறகு ஒரு கேள்வி கேட்டேன்: "அம்மா, அந்த ஆசை செத்துப்போச்சா, இல்ல இன்னும் உயிரோட இருக்கா?" அவர் சிரித்தார். "விதை மாதிரி கெடக்கு சாமி" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மறைக்கல்வி வகுப்பில் சின்னப் பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்தேன். பதினோரு பேர். அவர் பிள்ளைகளைத் தம் வீட்டுக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவரைப் பந்தல், ஒரு பாத்தி கீரை, சுண்டைக்காய்ச் செடி ஒன்று. ஆளுக்கொரு பழைய டப்பா, அதில் மண், ஓர் அவரை விதை. இன்று நாம் கேட்ட உவமைதான் பாடம். ஒரு வாரத்தில் பத்து டப்பாவில் முளை வந்தது. ஒரு பையனுடைய டப்பாவில் மட்டும் வரவில்லை. அவன் அழுதான். விசாரித்துப் பார்த்தால், முளைத்துவிட்டதா என்று தினமும் காலையில் மண்ணைக் கிளறி, விதையை எடுத்துப் பார்த்து, மறுபடி புதைத்திருக்கிறான்! அந்த அம்மா அவனுக்கு வேறு விதை கொடுத்துச் சொன்னார்: "ஊத்துறது உன் வேலைடா ராசா. தோண்டிப் பாக்காத. அதுக்கு வெக்கமா இருக்கும்ல?"

நான் குருமடத்தில் பல ஆண்டு படித்தேன். இந்த உவமைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.

பெற்றோரே, நாமும் தினமும் தோண்டிப் பார்க்கிறோம் அல்லவா? பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் முதல் கேள்வி, எத்தனை மார்க்? அடுத்த கேள்வி, பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை மார்க்? வேர் விடும் முன்பே வெளியே எடுத்துப் பார்த்தால் எந்த விதை பிழைக்கும்?

புனித அசிசி பிரான்சிஸ், மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைப் பயிரிடாமல் விடச் சொன்னாராம். காட்டுப் பூக்களும் புல்பூண்டும் அங்கே வளரட்டும், பார்க்கிறவர்கள் படைத்தவரை நினைக்கட்டும் என்பதற்காக. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில் இதை நினைவூட்டுகிறார். நம் வாழ்க்கையைப் பாருங்கள். சம்பளம், சீட்டு, நகைக்கடன் வட்டி, பிள்ளைகளின் கட்டணம் என்று ஓர் அங்குலம் விடாமல் பயிரிட்டுவிட்டோம். லாபம் இல்லாத ஒரு துண்டு நிலம் வேண்டாமா? எளிய வாழ்வு என்றால் ஆசைகளை எல்லாம் வெட்டிவிடுவது என்று நினைக்காதீர்கள். தேவையில்லாதவற்றைக் குறைத்து, உண்மையான ஓர் ஆசைக்கு இடம் விடுவதுதான் எளிய வாழ்வு.

ஆகவே, இந்த வாரத்துக்கு மூன்று சிறு காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, ஒரு டப்பாவில் மண் போட்டு ஒரு விதை ஊன்றுங்கள். வீட்டில் இருக்கும் வெந்தயமோ கொத்தமல்லியோ போதும். தண்ணீர் ஊற்றும் அந்த இரண்டு நிமிடத்தில் செல்போனைத் தள்ளி வையுங்கள். அதையே உங்கள் காலைச் செபமாக்குங்கள்.

இரண்டாவது, மனதுக்குள் விதையாகக் கிடக்கும் ஓர் ஆசைக்கு நாளுக்குக் கால்மணி நேரம் கொடுங்கள். பாட்டோ, தையலோ, ஆர்மோனியமோ, பாதியில் விட்ட படிப்போ, எதுவானாலும் சரி. பலன் என்னவென்று கேட்காதீர்கள்.

மூன்றாவது, இதுதான் மிக முக்கியம். உங்கள் படிப்புக்காக, உங்கள் வேலைக்காகத் தன் கனவை மண்ணில் புதைத்த ஒருவர் உங்கள் வீட்டில் இருப்பார். அக்காவோ, அம்மாவோ, அண்ணனோ. இன்று அவர்களிடம் போய், "உங்களுக்கு என்ன ஆசை இருந்தது?" என்று கேளுங்கள். மெண்டல் தம் தங்கையை மறக்கவில்லை. பின்னாளில் அவளுடைய மகன்களின் படிப்புக்கு உதவினார்; அவர்களில் இருவர் மருத்துவர்கள் ஆனார்கள். நன்றியைச் சொல்லிவிட்டு நின்றுவிடாதீர்கள். அந்த ஆசைக்கு இன்று நீங்கள் செய்யக்கூடியது என்ன என்று பாருங்கள்.

ஆண்டவர் உயிர்த்தெழுந்த காலையில், மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டாரே, நினைவிருக்கிறதா? அவர் நினைத்தது முழுத் தவறல்ல. புதைக்கப்பட்ட எதையும் கைவிடாத தோட்டக்காரர் நம் ஆண்டவர்.

செபிப்போம். அன்புத் தந்தையே, விதைக்கத் துணிவையும், தண்ணீர் ஊற்றப் பொறுமையையும், தோண்டிப் பார்க்காத நம்பிக்கையையும் எங்களுக்குத் தாரும். எங்களுக்காகத் தங்கள் கனவுகளை விட்டுக்கொடுத்தவர்களை ஆசீர்வதியும். அவர்களுக்குள் கிடக்கும் விதையை உமது மழையால் நனைத்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.