கணிப்பொறி ஓவியமும் பொதுமக்கள் பணமும்
(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

மேற்படிப்பைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். மருத்துவம், பொறியியல் குறித்துப் பேச இம்மேடையில் தகுதியுடையோர் பலர் உளர். நாம் கணிப்பொறி அசைவூட்டம் என்னும் துறையை எடுத்துக்கொண்டோம். அனிமேஷன் என்று நீங்கள் சொல்வது இதுவே. இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு.

நம் பள்ளியில் ஒரு மாணவன் பயின்றான். நடக்கும் மாட்டை நான்கே கோடுகளில் கரும்பலகையில் கொண்டுவருவான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நகரத்தில் தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்ந்தான். தாயின் தோடு அடகுக்குப் போயிற்று. அங்கீகாரம் பெற்ற படிப்பன்று என்பதால் அரசின் உதவித்தொகையும் கிடைக்கவில்லை. அங்கே கற்பித்ததெல்லாம் ஒரு மென்பொருளின் பொத்தான்களை. இரண்டே ஆண்டுகளில் அந்த மென்பொருளின் இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்டது. இன்று அவன் பதாகை அச்சிடும் கடையில் வேலை பார்க்கிறான். அவ்வேலை இழிவன்று, ஆனால் அவன் விரும்பியது அதுவன்று. மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திட்ட நாம், "எங்கே சேரப்போகிறாய்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குற்றவுணர்வே இன்று நம்மைப் பேச வைக்கிறது.

அவனுக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவில் மலைகள் சூழ்ந்த சால்ட் லேக் சிட்டி என்னும் நகரில் யூட்டா பல்கலைக்கழகம் உள்ளது. அங்கே டேவிட் எவான்ஸ் என்னும் பேராசிரியர் 1965க்குப்பின் கணிப்பொறித் துறையை உருவாக்கினார். 1968இல் ஐவன் சதர்லேண்ட் அவருடன் சேர்ந்தார். திரையில் ஒளிப்பேனாவால் வரையும் முறையை 1963இலேயே கண்டவர் சதர்லேண்ட். இவர்களது ஆய்வுக்கு வேண்டிய பணம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையிலிருந்து வந்தது. அதாவது, அந்நாட்டு மக்களின் வரிப்பணம்.

அங்கே படித்தவர்களுள் ஒருவர் எட் கேட்முல். சிறுவயதில் டிஸ்னியின் ஓவியராக விரும்பியவர். கை அவ்வளவாகத் திருந்தவில்லை என்று தாமே உணர்ந்து இயற்பியலும் கணிப்பொறியும் படித்தார். 1972இல் தம் இடக்கையின் வடிவத்தைச் சாந்தில் வார்த்து, அதன்மேல் ஏறத்தாழ முந்நூற்றைம்பது முக்கோணங்களையும் பலகோணங்களையும் வரைந்தார். ஒவ்வொரு மூலையின் நீள, அகல, உயர அளவையும் எடுத்துக் கணிப்பொறிக்குத் தட்டச்சு செய்தார். திரையில் ஒரு கை விரல்களை மடக்கிற்று. பத்தாம் வகுப்பில் நீங்கள் சலித்துக்கொள்ளும் ஆயத்தொலைவு வடிவியல்தான் அது. இன்னொரு அச்சு கூடியிருக்கிறது, அவ்வளவே. அச்சிறு படத்தை 2011இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

தட்டையான துண்டுகளால் ஆன கை கரடுமுரடாகத் தெரியாதா? தெரியும். துண்டுக்குத் துண்டு ஒளியை மெல்ல மாற்றி வளைவுபோல் காட்டும் வழியை ஆன்றி கூரோ என்னும் பிரெஞ்சு மாணவர் 1971இல் கண்டார். பளபளப்புப் புள்ளி சரியாக விழும் வழியைப் புய் துவாங் ஃபாங் கண்டார். வியட்நாமின் ஹனோயில் பிறந்தவர். 1973இல் ஆய்வை முடித்து, 1975இல் இளவயதிலேயே மறைந்தார். அவர் எழுதிய சூத்திரம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. எந்தப் பொருள் முன்னே, எது பின்னே என்பதைப் புள்ளிதோறும் தூரத்தைக் குறித்துவைத்து முடிவு செய்யும் முறையைக் கேட்முல் தம் 1974ஆம் ஆண்டு ஆய்வேட்டில் தந்தார். பள்ளிக் குழுப்படத்தில் முன்வரிசைக்காரன் பின்வரிசைக்காரனை மறைக்கிறானே, அந்தக் கணக்குத்தான்.

ஜிம் கிளார்க்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. பதினாறு வயதில் பள்ளியை விட்டவர். கடற்படையில் சேர்ந்த பின்னரே தமக்குக் கணிதம் வரும் என்று அறிந்தார். மாலை வகுப்புகளில் படித்து, இயற்பியல் பட்டங்கள் பெற்று, யூட்டாவில் 1974இல் முனைவரானார். அவர் தொடங்கிய சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் பொறிகளில்தான் 'ஜுராசிக் பார்க்' படத்தின் கணிப்பொறி விலங்குகள் பிறந்தன. பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளைக் கண்டால் உதடு பிதுக்கும் ஆசிரியர்களுக்கு (நம்மையும் சேர்த்தே) இவர் வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

தனியார் முதலாளிகள் இதைச் செய்திருக்க மாட்டார்களா என்று சிலர் கேட்பர். மாணவராயிருந்தபோது கேட்முல் டிஸ்னி நிறுவனத்துக்கே சென்று பார்த்தார். கணிப்பொறியால் படம் எடுப்பதில் அன்று அவர்களுக்கு நாட்டமில்லை. இலாபம் எப்போது வரும் என்று கேட்காத பணம் அரசிடம் மட்டுமே இருந்தது. ஆனால் அது போர்த்துறைப் பணம் என்பதை மறைக்கக் கூடாது. இராணுவத்துக்கு நேரடித் தொடர்புள்ள ஆய்வுக்கே அத்துறை செலவிட வேண்டும் என்று 1969இல் அந்நாட்டு மன்றம் சட்டம் செய்தது. எழுபதுகளில் அப்பணத்தின் தாராளம் குறைந்தது. கேட்முல் 1974இல் நியூயார்க்குக்குப் போய்விட்டார். 1986இல் பிக்சார் நிறுவனம். 1995இல் 'டாய் ஸ்டோரி', முழுவதும் கணிப்பொறியால் ஆன முதல் முழுநீளப் படம். 2006இல் டிஸ்னி அந்த பிக்சாரை ஏறத்தாழ 740 கோடி டாலருக்கு வாங்கிற்று. விதை மக்கள் பணம். விளைச்சல் யார் களஞ்சியத்துக்குப் போயிற்று என்பதை நீங்களே காண்க.

இங்கும் சோப்பு வாங்கும் கூலித்தாயிடம் வரி வாங்குகிறார்கள். அவ்வரியில் எழும்பும் பல்கலைக்கழகம் அவள் பிள்ளைக்கும் உரியது. பரோடா அரசின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அண்ணல் அம்பேத்கர், ஆட்சிக்குழுவில் அமர்ந்தபோது நம் மாணவர்க்கும் பொதுப்பணம் வேண்டும் என்று வாதாடினார். மேல்நிலைப் படிப்புக்கான உதவித்தொகை 1944இல் தொடங்கிற்று. அது பிச்சையன்று.

ஆகவே, அடகு வைக்குமுன் கேளுங்கள். மும்பை ஐ.ஐ.டி.யிலும், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும், சென்னைத் தரமணியில் உள்ள அரசு திரைப்பட நிறுவனத்திலும் இத்துறைக்குப் படிப்பு உண்டு. நுழைவுத் தேர்வு உண்டு, இடஒதுக்கீடும் உண்டு. ஓவியம் வருகிறதென்று கணிதத்தைக் கைவிடாதீர்கள். எந்தப் படிவத்திலும் கையெழுத்திடுமுன் அந்நிறுவனத்துக்கு அங்கீகாரம் உண்டா, உதவித்தொகை கிடைக்குமா என்று நம் கழக அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வரும் ஞாயிறு முதல் காலை பத்து மணிக்குக் கழக நூலகத்தில் நுழைவுத் தேர்வுக்குரிய வடிவியல் பாடம் எடுக்க ஒப்புக்கொண்டுள்ளோம். பதாகைக் கடையில் இருக்கும் அந்த மாணவனையும் வரச்சொல்லியிருக்கிறோம். முதலாளியிடம் விடுமுறை கேட்டிருப்பதாகச் சொன்னான்.