ஒரு அடுப்பை மட்டும் நம்பலாமா?
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



2015 டிசம்பரில் சென்னை அடையாற்றில் பெருவெள்ளம். கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கம் தண்ணீர் புகுந்த இடங்களில் கரண்டை நிறுத்தினார்கள். கரண்ட் அடுப்பு மட்டும் உள்ள வீடு என்றால் அன்றைக்குப் பால்கூடக் காய்ச்ச முடியாது. பட்டணத்துக்கே இந்தக் கதி என்றால் நாம யோசிக்க வேண்டாமா?

விறகு: காசு கம்மி. ஆனால் புகை கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். பொறுக்கப் போகிற நேரத்துக்குக் கூலி யார் தருவாங்க?

கேஸ்: சுத்தம், வேகம். விலை ஏறினால் கையைக் கடிக்கும்.

கரண்ட் அடுப்பு: புகையில்லை. இண்டக்‌ஷன் என்றால் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேணும்.

கோபர் கேஸ்: 1 கனமீட்டர் கலனுக்குத் தினம் சுமார் 25 கிலோ சாணம் போட வேணும். கழிவு நல்ல உரம். மாடும் தண்ணீரும் இல்லாதவங்களுக்கு ஆகாது.

சோலார்: வெயிலுக்கு விலையில்லை, பேனலுக்கு முதலில் பெரிய செலவு. பேட்டரி இல்லாமல் லைனில் சேர்த்த சோலார், கரண்ட் போனால் பட்டப்பகலிலும் நின்றுவிடும். வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒன்றையே நம்பாதீங்க. கைவசம் இரண்டு இருக்கட்டும். இந்த மாத எரிபொருள் செலவை நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பார்த்து, எதற்குக் கடன் வாங்கலாம் என்று முடிவெடுப்போம்.